நிறத்தின் கணக்கு: பெட்டிக்கு 3.6 காசு

ஒரு லட்சம் அட்டைப்பெட்டிகளுக்கு ஒரே நிறத்தை இடைவெளி இல்லாமல் அடிக்க எவ்வளவு மை வேண்டும்? அச்சகத்துக்குள் கால் வைக்காதவர்கள் பீப்பாய்க் கணக்கில் பதில் சொல்வார்கள். 6 கிலோ போதும்.

ஆஃப்செட் அச்சில் தாளின் மேல் படியும் மையின் கனம் ஏறத்தாழ 1 மைக்ரான்தான். ஒரு சதுர மீட்டரை நிரப்ப 1 கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை செலவாகும், 1.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கால் கிலோ டீத்தூள் பெட்டி ஒன்றில் நிறம் விழும் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். லட்சம் பெட்டிக்கு 5,000 சதுர மீட்டர், அதாவது 6 கிலோ மை. கிலோ 600 ரூபாய் என்று போட்டால் 3,600 ரூபாய், பெட்டிக்கு 3.6 காசு. நான்கு நிறக் கலவையில் வராத ஊதாவோ ஆரஞ்சோ கேட்டு, 'ஸ்பெஷல் கலர்' என்று தனியாகக் கலக்கவைத்தாலும் 7 காசைத் தாண்டுவது கஷ்டம்.

இனி அட்டையைப் பார்ப்போம். 23க்கு 36 அங்குல ஷீட் ஒன்றில் இப்படி 8 பெட்டிகள் அடங்கும். லட்சம் பெட்டிக்கு 12,500 ஷீட். 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் அட்டை என்றால் ஒரு ஷீட்டின் எடை 160 கிராம்; மொத்தம் 2 டன். கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் 1,40,000 ரூபாய், பெட்டிக்கு 1 ரூபாய் 40 காசு. 2 டன் அட்டையின் மேல் 6 கிலோ மை: எடையில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு. ஆனால் அந்த மூன்று பங்கு பிசகினால் 'பார்ட்டி' திருப்பி அனுப்புவது 2 டன்னையும்தான். நிறம் சரியாக விழுந்தால் அதன் விலை 3.6 காசு, தப்பாக விழுந்தால் 1 ரூபாய் 43.6 காசு, அச்சுக்கூலி தனி.

அதனால்தான் சிவகாசியிலும் மற்ற அச்சு ஊர்களிலும் ஷேடு கார்டு என்ற ஒன்று உண்டு. வெளிர், சரி, அடர் என்று மூன்று பட்டைகள் அச்சிட்டு, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். இந்தக் கோட்டுக்கு மேலே போகாதே, அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காதே என்ற எழுத்துமூல ஒப்பந்தம் அது. பெரிய நிறுவனங்கள் கண்ணை நம்புவதில்லை. கருவி வைத்து அளந்து, இரண்டு நிறங்களுக்கு இடையிலான தூரத்தை 'டெல்டா ஈ' என்ற எண்ணில் கேட்பார்கள். 1க்குக் கீழே இருந்தால் மனிதக் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 2க்குள் இருக்கவேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் நிபந்தனை. பார்க்கும் விளக்குக்கும் கணக்கு உண்டு: 5,000 கெல்வின். அந்த வெளிச்சத்தில் இரட்டைப்பிள்ளைபோல இருந்த இரண்டு சிவப்பு, மளிகைக்கடை டியூப்லைட்டில் மாமன் மச்சான் ஆகிவிடும். லேமினேஷன் ஒட்டியதும் இன்னும் கொஞ்சம் அடர்ந்துவிடும். அதே சிவப்பு பிளாஸ்டிக் உறையிலும், தகர டப்பாவிலும், கடைச் சுவரிலும், செல்போன் திரையிலும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்றால் ஒவ்வொரு பரப்புக்கும் தனிக் கலவை, தனி ஒப்புதல்.

இந்தத் தலைவலிக்கு ஒரு பொதுமொழி தந்தது 1963இல் அமெரிக்காவின் லாரன்ஸ் ஹெர்பர்ட் உருவாக்கிய பான்டோன் முறை. ஊதா என்று வாயால் சொல்லாமல் '2685சி' என்று எண்ணால் சொன்னால், எந்த ஊர் அச்சகமும் அந்தக் கலவையைப் பார்த்துக் கலக்கலாம். (2685சி, கேட்பரி சாக்லேட்டின் ஊதா.) மொழி என்றால் இலவசம் என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பரில் அடோபி மென்பொருள்களில் பான்டோன் நிறங்களுக்கு மாதம் 15 டாலர் சந்தா வந்தது. கட்டாதவர்களின் பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் இருந்த இடம் கறுப்பாகத் தெரிந்தது. மாதாமாதம் கட்டினால் ஆண்டுக்கு 180 டாலர்.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. பெரிய தொகை, மக்கள் பழகிய நிறத்தை மாற்றும்போது வருகிறது. அதற்கு ஒரு தூய்மையான உதாரணம் 2011இல் கிடைத்தது. தூய்மையான என்று சொல்லக் காரணம், அங்கே பானம் மாறவில்லை, பெயர் மாறவில்லை, எழுத்து மாறவில்லை, விலை மாறவில்லை. ஒரு கரடிப் படம் சேர்ந்ததைத் தவிர, நிறம் மட்டுமே மாறியது.

துருவக் கரடிகளைக் காக்க நிதி திரட்டும் திட்டம். உலக வனவிலங்கு நிதியத்துடன் சேர்ந்து கோகோ கோலா நிறுவனம் 30 லட்சம் டாலர் வரை தருவதாக அறிவித்தது. அதற்காக அமெரிக்காவில் சிவப்பு டின்னை வெள்ளையாக்கியது. 2011 நவம்பர் 1 முதல் 2012 பிப்ரவரி வரை, 140 கோடி டின்கள் என்பது திட்டம். 355 மில்லி டின்னின் சுற்றுப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். 140 கோடியால் பெருக்கினால் 35 சதுர கிலோமீட்டர் வெள்ளை. 426 சதுர கிலோமீட்டர் கொண்ட பெருநகர சென்னை மாநகராட்சியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு வெள்ளையடித்தது போல. நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது; கரடிப் படமும் அழகாகவே இருந்தது.

ஒரே மாதம். டிசம்பர் தொடக்கத்திலேயே சிவப்பு டின்கள் திரும்பி வந்தன. வெள்ளை டின்னை வெள்ளி நிற டயட் கோக் என்று நினைத்து எடுத்ததாகப் புகார்கள். சுவையே மாறிவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. சுவை மாறவில்லை என்பதை நிறுவனம் நிரூபித்துக்கொண்டிருக்கலாம். நாக்குக்கு முன்னால் கண் குடித்துவிடுகிறது என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் புகார். 355 மில்லி கோக்கில் 39 கிராம் சர்க்கரை. டயட் கோக்கில் 0. அதாவது சிவப்புக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது உற்சாகமா நிதானமா என்ற மனத்தத்துவப் பிரச்சினை இல்லை. 39 கிராம் சர்க்கரை. வாங்குகிறவர் அந்த நிறத்தைப் படித்தது ஒரு அளவுச்சீட்டாக.

2009இல் டிராபிகானா ஆரஞ்சுச் சாறு பெட்டியை மாற்றியதையும் இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம்: விளம்பரத்துக்கு 3.5 கோடி டாலர், ஜனவரி 1 முதல் பிப்ரவரி 22 வரை விற்பனையில் சுமார் 20 சதவீதச் சரிவு, பிறகு பழைய பெட்டிக்கே திரும்பல். அங்கே படம், எழுத்து, மூடி எல்லாமே மாறின; பழியை நிறத்தின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அதனால் அதை இந்தப் பேரேட்டில் பாதி மதிப்புக்குத்தான் எழுதுவேன்.

இங்கே நிறுத்தி, விளம்பர நிறுவனங்களின் பவர்பாயிண்டில் முதல் பக்கத்தில் வரும் எண்களைக் கொஞ்சம் தணிக்கை செய்யலாம். அதிகம் புழங்குவது இது: ஒரு பொருளைப் பார்த்த 90 விநாடிக்குள் மக்கள் முடிவெடுக்கிறார்கள், அந்த மதிப்பீட்டில் 62 முதல் 90 சதவீதம் நிறத்தை வைத்தே. எடுத்துக்காட்டப்படுவது 2006இல் 'மேனேஜ்மென்ட் டிசிஷன்' இதழில் சத்யேந்திர சிங் எழுதிய கட்டுரை. அது முந்தைய எழுத்துகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை. ஆட்களை உட்காரவைத்து அளந்த சோதனை இல்லை. 62க்கும் 90க்கும் நடுவே 28 சதவீத இடைவெளி விட்டு ஒருவர் வட்டிக்கணக்கு சொன்னால் நாம் கடன் கொடுப்போமா?

அடுத்தது, நீலம் என்றால் நம்பிக்கை. வங்கிகளெல்லாம் நீலமாம். ஸ்டேட் வங்கி நீலம், சரி. ஆனால் ஐசிஐசிஐ ஆரஞ்சும் அரக்குமாக இருக்கிறது, ஆக்சிஸ் அரக்கு. இந்திய அஞ்சல் துறைக்குச் சிவப்பும் மஞ்சளும். அங்கே சேமிப்புப் புத்தகம் வைத்திருக்கும் பாட்டிகள் யாரும் சிவப்பைக் கண்டு மிரண்டு பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிடவில்லை. ஃபேஸ்புக்கின் நீலத்துக்கு உளவியல் காரணம் தேடி எழுதியவர்கள் ஏராளம். மார்க் ஸக்கர்பெர்க்குக்குச் சிவப்பு, பச்சை சரியாகப் பிரித்தறிய வராது. தனக்கு நன்றாகத் தெரியும் நிறம் நீலம் என்று அவரே 2010இல் சொல்லிவிட்டார். சிவப்பு உணவகம் பசியைத் தூண்டுகிறது, பச்சை லேபிள் இயற்கையை நினைவூட்டுகிறது என்பவையும் இதே ரகம். பொருத்தமான உதாரணங்களை மட்டும் வரவில் எழுதி, பொருந்தாதவற்றைப் பற்றெழுதாமல் விட்டால் எந்தப் பேரேடும் லாபம்தான் காட்டும்.

நிற உளவியலின் மிகப் புகழ்பெற்ற கலவைக்கு அளவுகூட எழுதிவைத்திருக்கிறார்கள்: 1 கேலன் வெள்ளை பெயிண்டுக்கு 1 பைன்ட் சிவப்பு, 8க்கு 1. பேக்கர்-மில்லர் பிங்க் என்று பெயர். 1979இல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷாஸ் சொன்னதைக் கேட்டு அமெரிக்கக் கடற்படையின் சியாட்டில் சிறைக்கூடத்தில் இந்த இளஞ்சிவப்பு அடித்தார்கள். 15 நிமிடத்தில் கைதிகளின் ஆவேசம் அடங்கும் என்றார்கள். 2015இல் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெள்ளை அறைக்கும் அந்த அறைக்கும் வித்தியாசம் இல்லை. பெயிண்ட் கம்பெனிக்கு லாபம்.

சரி, தத்துவம் வேண்டாம், சோதித்தே பார்த்துவிடலாம் என்பவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் கூகுள். இணைப்புகளுக்கு எந்த நீலம் என்று முடிவுசெய்ய 41 நீலங்களைப் பயனர்களிடம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2009இல் வெளியே தெரிந்த செய்தி. வடிவமைப்பாளர் டக்ளஸ் போமன் இதையும் ஒரு காரணமாகச் சொல்லி வேலையை விட்டார். அந்தச் சோதனையால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதல் வருமானம் என்று 2014இல் கூகுளின் பிரிட்டன் தலைவர் டான் கோப்லி சொன்னார். பெரிய தொகைதான். ஆனால் 2009இல் கூகுளின் மொத்த வருவாய் 2,365 கோடி டாலர். 20 கோடி என்பது அதில் 0.85 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத லாபத்தைக் கண்டுபிடிக்க எத்தனை பேரைச் சோதிக்கவேண்டும் என்பதுதான் நம்மூர் வியாபாரி கேட்கவேண்டிய கேள்வி.

புள்ளியியலில் இதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. உங்கள் இணையக் கடைக்கு வரும் 100 பேரில் 2 பேர் வாங்குகிறார்கள். பொத்தானின் நிறத்தை மாற்றியதால் அது 1 சதவீதம் கூடுகிறது. அதாவது 2 என்பது 2.02 ஆகிறது. இது தற்செயல் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, ஒவ்வொரு நிறத்துக்கும் 78,40,000 பேர் வரவேண்டும். இரண்டு நிறத்துக்கு 1,56,80,000 பேர். நாளைக்கு 500 பேர் வரும் கடை என்றால் 31,360 நாள். 86 ஆண்டு. பேரன்தான் முடிவைப் படிக்கவேண்டும். கூடுதல் 10 சதவீதம், அதாவது 2 என்பது 2.2 ஆகிறது என்றால், மொத்தம் 1,56,800 பேர். அதற்கே 314 நாள். பத்து மாதத்தில் தீபாவளி வரும், பள்ளி திறக்கும், போட்டிக் கடை விலை குறைக்கும். அத்தனைக்கும் நடுவில் நிறத்தைத் தனியே பிரித்தெடுத்தாக வேண்டும்.

பச்சைப் பொத்தானைவிடச் சிவப்புப் பொத்தான் 21 சதவீதம் அதிகம் அழுத்தப்பட்டது என்று 2011இலிருந்து சுற்றும் ஒரு கதை உண்டு. ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனம் வெளியிட்டது. சோதனைக்கு வந்தவை சுமார் 2,000 வருகைகள். அந்தப் பக்கம் முழுக்கப் பச்சை. பச்சைக்கு நடுவே சிவப்பு துருத்திக்கொண்டு நின்றது. கூட்டத்தில் வேறாக நிற்பது நினைவில் நிற்கும் என்று ஜெர்மனியின் ஹெட்விக் ஃபான் ரெஸ்டோர்ஃப் 1933இலேயே காட்டிவிட்டார். வாழைத்தார்களுக்கு நடுவே ஒரு தக்காளி. சிவப்புப் பக்கத்தில் பச்சைப் பொத்தான் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி சுற்றியிருக்கும். எந்த நிறம் என்பதைவிட, பக்கத்துக் கடைக்காரர் எந்த நிறம் என்பதே முதலில் பார்க்கவேண்டியது.

நிறத்தின் உண்மையான வேலையைப் பார்க்க கோகோ கோலாவின் ஊரான அட்லாண்டா வரை போகவேண்டாம். தெருமுனைப் பால் பூத் போதும். "ஒரு ஆரஞ்சு, ரெண்டு பச்சை" என்று கேட்டு வாங்குகிறோம். ஆவின் அந்தப் பாக்கெட்டுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்பவரைத்தான் தேடவேண்டும். நீலம் சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம். பச்சை நிலைப்படுத்திய பால், 4.5. ஆரஞ்சு நிறைகொழுப்பு, 6. ஊதா நிற டிலைட், 3.5. அரை லிட்டர் பால் சுமார் 515 கிராம் எடை. ஆகவே நீலப் பாக்கெட்டில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு, ஊதாவில் 18, பச்சையில் 23, ஆரஞ்சில் 31.

இந்தக் கிராம் கணக்கு டீ மாஸ்டருக்குத் தெரியாது. நிறத்தின் கணக்கு நன்றாகத் தெரியும். எந்த நிறப் பாலுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் தாங்கும், எதில் தயிர் கட்டியாக உறையும் என்று கை சொல்லும். பச்சை என்றால் புத்துணர்ச்சி, ஆரஞ்சு என்றால் உற்சாகம் என்று யாராவது அவரிடம் விளக்கினால் பாய்லரைத் திறந்து காட்டுவார்.

2023 இறுதியில் பச்சைப் பாக்கெட்டை நிறுத்திவிட்டு ஊதாவைக் கொடுக்க ஆவின் முனைந்தது. விலை இரண்டுக்கும் லிட்டர் 44 ரூபாய், அரை லிட்டர் 22. எதிர்ப்பு கிளம்பியது, அரசியல் கட்சிகள் அறிக்கை விட்டன. கணக்குப்படி அரை லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு குறைகிறது, விலை குறையவில்லை. நிர்வாகம் அதற்குக் காரணங்கள் சொன்னது. நான் கவனித்தது வேறு: பச்சையைத் தொடாமல், அதே பச்சை உறைக்குள் கொழுப்பை மட்டும் குறைத்திருந்தால் எத்தனை பேருக்கு உடனே தெரிந்திருக்கும்? நிறம் மாறியதால்தான் ஊரே கிராமை எண்ணியது. அந்தப் பச்சைக்கு யாரும் உளவியல் பார்த்து மதிப்பு ஏற்றவில்லை. தினமும் காலையில், ஒரே நிறத்துக்குள் ஒரே பால். அதுதான் முதலீடு.

இந்த முதலீட்டின் வயதைச் சில நிறுவனங்களில் அளக்கலாம். நியூயார்க்கின் டிஃப்பனி நகைக்கடை தன் வெளிர்நீலத்தை 1845ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் தொடங்கியது. அந்த நிறத்தை வணிகக்குறியாகப் பதிந்தது 1998இல். இடைவெளி 153 ஆண்டு. யுபிஎஸ் பார்சல் நிறுவனம் 1916இல் வண்டிகளுக்குப் பழுப்பு அடித்தது. பதிந்தது அதே 1998. 82 ஆண்டு. பழுப்புக்கு நிற உளவியல் புத்தகங்கள் பெரிதாக ஒன்றும் ஆசைகாட்டுவதில்லை. புழுதி தெரியாது என்பது அந்த நிறத்தின் சௌகரியங்களில் ஒன்று.

வயது மட்டும் போதாது என்பதையும் செலவில் எழுதவேண்டும். கேட்பரி தன் ஊதாவை 1914 முதல் பயன்படுத்துவதாகச் சொல்லி 2004இல் பிரிட்டனில் விண்ணப்பித்தது. நெஸ்லே எதிர்த்தது. 2012இல் கேட்பரிக்கு வெற்றி, 2013இல் மேல்முறையீட்டில் தோல்வி. 'பிரதானமான நிறம்' என்று விண்ணப்பத்தில் எழுதியது எந்த அளவைக் குறிக்கிறது என்று தெளிவில்லை என்றது நீதிமன்றம். நிறத்துக்கு பான்டோன் எண் இருந்தது. பரப்புக்கு எண் இல்லை.

பரப்புக்கு எண் இருந்த வழக்கு நம் நாட்டில் உண்டு. பல்பொடி டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு வெள்ளை, அதே வரிசையில்: இதை ஆங்கர் பயன்படுத்தக்கூடாது என்று கோல்கேட் கேட்டது. 2003இல் தில்லி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதே நீதிமன்றத்தில் லூபுட்டான் காலணியின் சிவப்பு அடிப்பாகத்துக்கு 2017 டிசம்பரில் ஒரு நீதிபதி பாதுகாப்புத் தந்தார். 2018 மே மாதம் இன்னொரு நீதிபதி, சட்டத்தில் இருப்பது நிறங்களின் சேர்க்கைதான், ஒற்றை நிறம் இல்லை என்றார். மேலமர்வு 2019இல் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. பிஸ்கட் உறையின் மஞ்சள்-நீலத்துக்காக ஐடிசி 2016இல் பிரிட்டானியாவுக்கு எதிராகத் தடை வாங்கி, 2017இல் இழந்ததும் அங்கேதான்.

சிறு நிறுவனம் ஒன்று இணையவழியில் வணிகக்குறி விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 9,000, நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகாது. விண்ணப்பத்தில் ஒரு முடிவு எடுத்தாகவேண்டும். நிறத்தோடு பதிந்தால் உரிமை அந்த நிறங்களோடு நிற்கும். நிறத்தைக் குறிப்பிடாமல் பதிந்தால், வணிகக்குறிச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே ஷேடு கார்டில் கையெழுத்துப் போட்டு, 2 டன் அட்டையைக் காவல்காத்து, மூன்று மாதம் நிறம் தேர்ந்தெடுத்தவரிடம், கையில் ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே காசு இருந்தால், வக்கீல் கேட்பது லோகோவின் கறுப்பு வெள்ளைப் பிரதியை. இன்னொரு 4,500 இருந்தால் நிறப் பிரதியையும் சேர்த்துக் கொடுக்கலாம்.